கரையைக் கடந்த பிறகு

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. பொழுது இன்னும் விடியவில்லை. தொலைக்காட்சியின் அடியில் ‘கஜா கரையைக் கடந்தது’ என்று எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. நள்ளிரவு 12.30 மணிக்குத் தொடங்கி 2.30 மணிக்குள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே புயல் நிலத்துக்குள் புகுந்திருந்தது. எங்கள் தெருவில் விழித்திருந்தவர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். லைன் கிடைக்கவில்லை. அந்தக் கவலையோடு கூடவே, ‘எப்படியோ, கடந்துருச்சு’ என்ற ஆறுதலும் இருந்தது. கஜா கரையேறிய இடத்துக்கு நேர் மேற்கே 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது திண்டுக்கல் பக்கத்து எங்கள் காந்திகிராமம். கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலை. நடுவில் செம்மண் காடும் கிணற்றுப் பாசனமும். புயல் எங்களுக்குச் செய்தி, கடற்கரைக்காரர்களுக்குத்தான் அது அனுபவம் என்று நினைத்திருந்தோம்.

விடிந்ததும் வடக்கிலிருந்து காற்று கிளம்பியது. ஆடிக் காற்றுக்குப் பழகிய ஊர் இது. ஆடியில் அடிப்பது மேல்காற்று. புழுதியை வாரிக்கொண்டு வந்தாலும் ஒரே சீராக அடிக்கும். இது அப்படியில்லை. ஓர் இரைச்சல் வரும், மூச்சைப் பிடித்ததுபோல ஒரு கணம் அடங்கும், அடுத்த இரைச்சல் முன்னதைவிடப் பெரிதாக வரும். மழை மேலிருந்து விழாமல் படுக்கைவாட்டில் வந்து சுவரில் அறைந்தது. திராட்சைப் பந்தலின் கம்பிகள் விண்விண்ணென்று அதிர்ந்தன. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் கோணிச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தன் தென்னைகளையே பார்த்தபடி நின்றார். நேரம் போகப் போகக் காற்று மெல்ல மேற்குக் காற்றாகத் திரும்பியது. மழை சற்று ஓய்ந்தது. முடிந்துவிட்டது என்று நான் சொன்னேன்.

“இனிமேதான் தம்பி இருக்கு. வடக்கத்திக் காத்து ஆட்டி வச்ச மரத்தைத் தெக்கத்திக் காத்து வந்து சாய்க்கும். வேரு ஏற்கெனவே அசைஞ்சு போச்சு” என்றார் அவர்.

அவர் சொன்னபடியே நடந்தது. காலையில் தாக்குப்பிடித்த மரங்களில் இரண்டு, தெற்கிலிருந்து காற்று வந்தபோது வடக்குப் பார்த்து விழுந்தன.

பெரியவர் எந்த வானிலைப் படத்தையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னதுதான் புயலின் உடற்கூறு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எந்தப் புயலும் இடஞ்சுழியாகத்தான் சுழலும். கிழக்கிலிருந்து அது நம்மை நோக்கி வரும்போது நாம் அதன் முன்பக்கத்தில் நிற்கிறோம், காற்று வடக்கிலிருந்து வரும். மையம் நம்மைத் தாண்டியதும் பின்பக்கத்தில் ஆகிவிடுகிறோம், காற்று தெற்கிலிருந்து வரும். பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகளில் நடந்ததும் இதுவே, அங்கே இதைவிட வெகு வேகத்தில். முப்பது, நாற்பது வருஷம் வளர்த்த தோப்பு ஒரே இரவில் தரையில் கிடந்தது. அந்த மனிதர்களின் இழப்புக்கு முன்னால் எங்கள் ஊர் இரண்டு தென்னை ஒன்றுமே இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து ‘கரையைக் கடந்தது’ என்ற வாசகம் எனக்கு உறுத்தத் தொடங்கியது. அது ஏதோ கதை முடிந்துவிட்டது போலச் சொல்கிறது. கஜாவுக்கு அதற்கு முன்பும் ஒரு நெடும் பயணம் இருந்தது, பின்பும் இருந்தது.

அது கிளம்பிய இடம் நமது கடலே இல்லை. நவம்பர் 5-ஆம் தேதி, மலாய்த் தீபகற்பத்துக்கு அந்தப் பக்கம், தாய்லாந்து வளைகுடாவில் காற்றழுத்தம் சற்றே குறைந்த ஒரு பகுதியாக அது தோன்றியது. அப்போது அதற்குப் பெயரும் இல்லை, வடிவமும் இல்லை. கலைந்த மேகக் கூட்டம், அவ்வளவுதான். தீபகற்பத்தின் ஒடுங்கிய கழுத்தைக் கடந்து 8-ஆம் தேதி அந்தமான் கடலுக்குள் இறங்கியது. இப்படிப்பட்ட மேகக் கூட்டங்கள் ஆண்டுக்குப் பல அந்த வழியாக வருகின்றன. பெரும்பாலானவை எங்கோ மழையைக் கொட்டிவிட்டுக் கரைந்து போகும். சிலவே புயலாகும். கஜா ஏன் ஆனது என்று புரிந்துகொள்ள, அது எந்த ஆற்றில் மிதந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

காற்றுக்கும் ஆறு உண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் வெயில் அதிகம். அங்கே சூடேறிய காற்று மேலே எழும்புகிறது, உயரத்தில் வடக்கும் தெற்குமாகப் பிரிந்து போகிறது, ஏறத்தாழ 30 பாகை தொலைவு வரை போய்க் கீழே இறங்குகிறது, பிறகு தரையை ஒட்டி மறுபடி நடுக்கோட்டுக்குத் திரும்புகிறது. 1735-இல் ஜார்ஜ் ஹாட்லி என்ற ஆங்கிலேயர் இந்தச் சுற்றை விளக்கினார். வழக்கறிஞராகப் படித்தவர். வடக்கிலிருந்து திரும்பி வரும் காற்று நேர் தெற்கே வராமல் மேற்கே ஒதுங்கி வருவதற்குப் பூமியின் சுழற்சி காரணம் என்பதையும் அவர் கண்டுகொண்டார். காற்று மேலெழும் இந்த வளையம் ஓரிடத்தில் நிற்பதில்லை, சூரியனின் பின்னாலேயே போகிறது. ஆடியில் வட இந்தியா வரை ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே இறங்கி வங்கக் கடலின் தென்பகுதிக்கு வந்துவிடும். அதை நோக்கி வடகிழக்கிலிருந்து ஓடி வருகிற காற்றைத்தான் நாம் வாடை என்கிறோம். ஆசிய நிலப்பரப்பிலிருந்து வறண்டு புறப்பட்டு, வங்கக் கடலின் மேல் வரும் வழியெல்லாம் நீரை முகந்துகொண்டு நம் கரைக்கு வருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி இந்த வாடை வீசும் மூன்று மாதத்தில் கிடைப்பது. திண்டுக்கல் சமவெளிக்கு இதை நம்பித்தான் பிழைப்பு. ஆடி, ஆவணியில் வருகிற மேல்காற்று தன் நீரையெல்லாம் கேரளத்து மலைச்சரிவில் இறக்கிவிட்டு வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் பத்துப் பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறும். ஆகவே அது மழையும் தராது, இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். எங்கள் பக்கத்து ஊர் சின்னாளபட்டி நெசவாளர்களைக் கேட்டால் தெரியும். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட்டால் ஆடியில் எவ்வளவு சீக்கிரம் காய்கிறது, ஐப்பசியில் எப்படிக் காயவே மாட்டேன் என்கிறது என்று நூலைத் தொட்டே சொல்வார்கள்.

கஜா அந்தமான் கடலுக்கு வந்தபோது இந்தக் காற்றாற்றின் நடுவில்தான் இருந்தது. கீழே கடல் சூடாக இருந்தது. மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 26.5 பாகைக்குமேல், அதுவும் சில பத்து மீட்டர் ஆழம் வரைக்கும் சூடாக இருந்தால்தான் புயலுக்குத் தீனி கிடைக்கும். கடலின் சூடு எப்படிக் காற்றின் வேகமாகிறது என்பதை ஓர் இட்லிக் கொப்பரையிலிருந்தே சொல்லிவிடலாம். மூடியைத் திறக்கும்போது கையில் ஆவி அடித்தால் சுடுகிறதே, அது வெந்நீர் பட்டதைவிட மோசமான சூடு. ஆவி கைமேல் பட்டு மறுபடி தண்ணீராகும்போது, அதை ஆவியாக்க அடுப்பு கொடுத்த வெப்பம் முழுவதையும் அங்கேயே விட்டுவிடுகிறது. கடலும் அப்படித்தான். ஒரு லிட்டர் நீர் ஆவியாகி மேலே போய் மேகமாக மாறும்போது ஏறத்தாழ 2,500 கிலோஜூல் வெப்பத்தை அந்த உயரத்தில் கொட்டுகிறது. அதனால் அங்குள்ள காற்று சூடேறி இன்னும் மேலே எழும்புகிறது, அடியில் அழுத்தம் குறைகிறது, சுற்றிலும் உள்ள ஈரக் காற்று அந்த இடத்தை நோக்கி ஓடிவருகிறது, வரும்போது கடலிலிருந்து மேலும் நீரை எடுத்துக்கொள்கிறது. அடுப்பு தன்னைத் தானே ஊதிக்கொள்வது போல.

ஓடிவரும் காற்று நேராக மையத்துக்குப் போய்விட்டால் பள்ளம் நிரம்பி எல்லாம் அடங்கியிருக்கும். பூமியின் சுழற்சி அதைப் போக விடுவதில்லை. நம் அரைக்கோளத்தில் ஓடும் காற்று எதுவும் தன் வலப்பக்கம் ஒதுங்கும். நாலாபுறமிருந்தும் வருகிற காற்று எல்லாம் இப்படி ஒதுங்கவே, மையத்தைச் சுற்றி ஒரு இடஞ்சுழி உண்டாகிறது. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகே இந்த ஒதுக்கம் இல்லாததால், ஏறத்தாழ 5 பாகைக்குள் புயல் உருவாவது அரிது. தென் அரைக்கோளத்தில் எல்லாம் தலைகீழ், அங்கே புயல்கள் வலஞ்சுழி. கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் வங்கக் கடலில் அடிபட்டு வந்த கப்பல்களின் நாட்குறிப்புகளை வருஷக்கணக்காகப் படித்து, இந்தக் காற்றுகள் பாம்பு போலச் சுருண்டிருக்கின்றன என்று கண்டு, 1848-இல் கிரேக்கச் சொல் ஒன்றை வைத்து ‘சைக்ளோன்’ என்று பெயரிட்டார். உலகம் முழுக்க வழங்கும் அந்தச் சொல் நம் கடலைப் பார்த்துப் பிறந்தது.

நவம்பர் 10-ஆம் தேதி அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஆனது. மறுநாள் காலை புயல். மையத்தைச் சுற்றிய காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் நம் வானிலைத் துறை புயல் என்று சொல்லும், அப்போதுதான் பெயரும் வைக்கும். இந்தக் கடலோர நாடுகள் முன்கூட்டியே கொடுத்து வைத்த பட்டியலில் அடுத்து இருந்தது இலங்கை தந்த பெயர். கஜா என்றால் யானை.

பிறகு நான்கு நாட்கள் அது எல்லோரையும் காக்க வைத்தது. முதலில் தமிழகத்தின் வட கரையைப் பார்த்து வருவதாகத் தெரிந்தது. பிறகு தென்மேற்கே திரும்பியது. கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கடக்கும் என்று அறிவிப்பு வந்தது. புயல் தானாக எங்கும் போவதில்லை, தன்னைச் சூழ்ந்த காற்றாறு இழுத்த இழுப்புக்குப் போகிறது. ஆற்றின் நடுவில் சுழல்கிற ஒரு சுழியை நினைத்துக்கொள்ளுங்கள். சுழி தன் பாட்டுக்குச் சுற்றினாலும் வெள்ளம் அதைக் கீழே கொண்டுபோய்க்கொண்டே இருக்கும். வடக்கே உயர் அழுத்தம் கோட்டை கட்டி நின்றால் அதன் தென்விளிம்பில் புயல் மேற்கே தள்ளப்படும். கோட்டைக்குள் ஓர் இடைவெளி விழுந்தால் அதன் வழியே வடக்கே ஏறிப்போகும். இரண்டு கோட்டைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். 2020 டிசம்பரில் திரிகோணமலை அருகே கரையேறி மன்னார் வளைகுடாவுக்கு வந்த புரெவி அப்படித்தான் இராமநாதபுரத்துக்கு அருகே நின்று, அங்கேயே தேய்ந்து போனது. நின்ற புயல் பெய்த மழையில் காவிரி டெல்டா வயல்கள் மூழ்கின. காற்றைவிட நிதானம் கெடுதல் செய்த புயல் அது.

கஜா நிற்கவில்லை. தீவிரப் புயலாக, மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில், இடையிடையே 120 வரை வீசும் காற்றோடு வேதாரண்யம் பக்கம் ஏறி நேர் மேற்கே வந்தது. நிலத்தில் ஏறியதும் புயலுக்கு இரண்டு வகையில் சோறு நின்று போகிறது. அடியில் கடல் இல்லாததால் புது ஈரம் இல்லை. மரம், வீடு, மேடு எல்லாம் உரசி அடிக்காற்றின் வேகத்தைத் தின்கின்றன. ஆனால் காவிரிப் படுகை தட்டையான பூமி. அங்கே தடுக்க ஒரு குன்று கிடையாது. நீர் நிற்கும் வயல்கள் வேறு. ஆகவே தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைத் தாண்டும் வரை அதற்குத் தெம்பு இருந்தது. விடிந்து முற்பகலில் எங்கள் பக்கம் வந்தபோது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகத் தளர்ந்திருந்தது. தளர்ந்தது என்று வானிலைக் குறிப்பு சொல்வது காற்றைப் பற்றி. மேலே சுமந்து வந்த நீர் அப்படியே இருக்கிறது, அதை இறக்கி வைக்க ஒரு மலைதான் தேவை. நத்தத்துக் குன்றுகளும் சிறுமலையும் அதற்குப் பிறகு பழனி மலையும் அந்த வேலையைச் செய்தன. சரிவில் மோதும் காற்று மேலே ஏறியே ஆக வேண்டும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் பெய்யும். கொடைக்கானலுக்குப் போகும் சாலைகளில் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து வழி அடைபட்டது. மின்சாரம் போய், மலைமேல் இருந்தவர்களும் சுற்றுலா வந்தவர்களும் கீழே என்ன நடக்கிறது என்றே தெரியாமல் இருந்தார்கள்.

அந்த மலைமேல் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம். சூரியனைப் பார்க்கக் கட்டியது என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அதை அங்கே கொண்டுவந்தது பஞ்சம். 1876 முதல் 1878 வரை மழை பொய்த்துச் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்தார்கள். மழை ஏன் பொய்க்கிறது, சூரியனின் வெப்பம் கூடிக் குறைவதுதான் காரணமா என்று அறிய வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகு வலுத்தது. 1893-இல் இடம் தேர்ந்து, 1895-இல் அடிக்கல் நாட்டினார்கள். சூரியப் புள்ளிகளில் மழையின் விடை கிடைக்கவில்லை. கொஞ்ச காலம் கழித்து, இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் வேறு இடத்தில் தேடினார். உலகெங்கும் உள்ள நிலையங்களின் அழுத்தக் கணக்குகளைக் குமாஸ்தாக்களை வைத்துக் கையால் கூட்டிப் பெருக்கி, பசிபிக் கடலின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால் இந்துமாக்கடல் பக்கம் இறங்குகிறது என்ற ஊசலாட்டத்தைக் கண்டார். இன்று எல் நினோ என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அது இதன் இன்னொரு முகம். நம் கிணற்றில் நீர் ஊறுவதற்கும் பெரு நாட்டுக் கடலோரத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பதைப் பட்டினியில் செத்தவர்களின் பின்னால் போய்த்தான் உலகம் கண்டுபிடித்தது. அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

வயதானவர்கள் கஜாவைப் பார்த்ததும் 1977-ஐச் சொன்னார்கள். அந்த வருஷம் நவம்பர் 12-ஆம் தேதி நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு புயல் ஏறியது. கஜாவின் வழிதான், அதே மேற்குத் திசைதான். அதுவும் கடந்துவிட்டது என்றுதான் அறிவித்திருப்பார்கள். அதன் மழையில் திருச்சி நகரமே வெள்ளத்தில் கிடந்தது. திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. வேடசந்தூருக்கு அருகே அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே புதிதாக ஒரு மண் அணை கட்டியிருந்தார்கள். ஐந்து ஷட்டர்கள். வெள்ளம் வந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஷட்டர்களைப் பாதிதான் தூக்க முடிந்தது. ஜெனரேட்டரை ஓட்டினார்கள், போதவில்லை. பிறகு கையாலேயே சுற்றித் தூக்கப் பார்த்தார்கள். அந்த இருட்டில், அந்த மழையில், கைப்பிடியைச் சுற்றிய மனிதர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தண்ணீர் அவர்களைவிட வேகமாக ஏறியது. கரைக்கு மேலாக வழிந்து, பின்பக்கச் சரிவை அரித்து, 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை நீளத்துக்குப் பல இடங்களில் அணையை உடைத்துக்கொண்டு போனது. அணையை உடைத்தது கடலோரத்தில் ‘முடிந்துபோன’ ஒரு புயல். அதே மாதம் 19-ஆம் தேதி ஆந்திரத்தின் திவிசீமையில் ஏறிய பெரும்புயல் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனதால், குடகனாறு நாட்டின் நினைவிலிருந்து நழுவிவிட்டது. வேடசந்தூரில் மட்டும் அது இன்னும் நேற்று நடந்தது போலத்தான் பேசப்படுகிறது.

கஜாவின் எச்சரிக்கை கடலோர மாவட்டங்களில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. முன்கூட்டியே முகாம்களுக்குக் கூட்டிப் போனதால் பல உயிர்கள் பிழைத்தன. அதே கவனம் புயலோடு கூடவே மேற்கே நடந்து வந்து, ‘இன்ன நேரத்தில் காற்று வடக்கிலிருந்து அடிக்கும், இன்ன நேரத்தில் தெற்கிலிருந்து திரும்பி அடிக்கும், மலையடிவாரத்து ஓடைகளில் வெள்ளம் வரும்’ என்று எங்கள் ஊர் வரைக்கும் சொல்லியிருந்தால், பந்தல்காரர்கள் சிலர் காய்களைப் பறித்திருப்பார்கள். ஆடுகளை மரத்தடியில் கட்டாமல் வேறெங்காவது கட்டியிருப்பார்கள்.

அன்று மாலைக்குள் கஜா மலையேறிக் கேரளத்துக்குள் போயிருந்தது, வெறும் தாழ்வு மண்டலமாக. நள்ளிரவில் அரபிக் கடலில் இறங்கியது. இரண்டு கடல் பார்த்த புயல்கள் குறைவு. அங்கே சூடான நீரைத் தொட்டதும் கொஞ்சம் தலை நிமிரப் பார்த்தது. ஆனால் புயல் நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் அடிக்காற்றும் உயரத்துக் காற்றும் ஒத்துப்போக வேண்டும். மேலே ஒரு திசை, கீழே ஒரு திசை என்று இழுத்தால் எழுப்பிய கோபுரம் சாய்ந்துவிடும். வறண்ட காற்றும் உள்ளே புகுந்தது. சில நாட்களில் அது மறுபடியும் பெயரில்லாத மேகக் கூட்டமாகிக் கடலோடு கலந்துபோனது.

சனிக்கிழமை காலை வானம் வெளுத்திருந்தது. சிறுமலையின் பாறைகளில் வெள்ளைக் கோடுகளாக நீர் இறங்குவது சாலையிலிருந்தே தெரிந்தது. பெரியவர் விழுந்த தென்னைகளிலிருந்து இளநீரை வெட்டி, பார்க்க வந்த எல்லோருக்கும் கொடுத்தார். மட்டையைக் கழித்துக்கொண்டே கிணற்றை எட்டிப் பார்த்து, “மூணு படி ஏறியிருக்கு” என்றார். ஆத்தூர்ப் பக்கத்து மலைகளில் பெய்த மழை குடகனாற்றில் செம்மண் நிறத்தில் வடக்கே போய்க்கொண்டிருந்தது. திண்டுக்கல்லைத் தாண்டி, வேடசந்தூரைத் தாண்டி, அது அமராவதியில் சேரும். அமராவதி கரூருக்கு அப்பால் திருமுக்கூடலில் காவிரியில் சேரும். காவிரி கிழக்கே திரும்பிப் பூம்புகாரில் வங்கக் கடலுக்குப் போகும். அங்கிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே கொஞ்ச தூரம் போனால் நாகப்பட்டினம்.